ஈடிப்பஸ் செய்தது பிழை: வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில இலக்கியப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும், வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்திருந்தேன். முதுகலைத் தாள். பாடம், சோபோக்ளீஸ் எழுதிய கிரேக்கத் துன்பியல் நாடகம் 'ஈடிப்பஸ் மன்னன்'. அதன் நாயகன் ஈடிப்பஸ், தெரியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்தவன். 'ஈடிப்பஸின் வீழ்ச்சிக்குக் காரணமான குணக்குறையை விளக்குக' என்று பத்து மதிப்பெண் கேள்வி. கட்டிலிருந்த விடைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: ஆணவம், முன்கோபம், விதியை வென்றுவிடலாம் என்ற மிதப்பு. ஒரே ஒரு விடை வேறாக இருந்தது. அடித்தும் திருத்தியும் ஒன்றரைப் பக்கம். பெற்றவர்கள் யார் என்றே தெரியாதவன் செய்ததை அவன் குணத்தின் மேல் எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தார் அந்த மாணவர். உண்மை தெரிந்தபின் அவன் ஓடி ஒளியவில்லையே என்றும் எழுதியிருந்தார். நான் எட்டு போட்டேன். விடைக்குறிப்பில் இப்படி இல்லையென்று அதை இரண்டாக்கினார்கள். வாதாடிப் பார்த்தேன். மேசையில் கட்டுகள் குவிந்து கிடந்தன, கேட்க யாருக்கும் நேரமில்லை. அந்த ஆறு மதிப்பெண் இன்றும் என் மனதை அறுக்கிறது.

துன்பியல் நாடகத்தின் நாயகனைப் பற்றி அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' நூலின் 13ஆம் இயலில் பேசுகிறார். அப்பழுக்கற்ற நல்லவன் வீழ்வதைப் பார்த்தால் நமக்கு அருவருப்புத்தான் வரும் என்கிறார். கொடியவன் வீழ்ந்தால் இரக்கமும் வராது, அச்சமும் வராது. தகாத துன்பத்தைச் சுமப்பவனிடம்தான் இரக்கம் பிறக்கும். நம்மைப் போன்ற ஒருவன் சுமந்தால்தான் அச்சம் பிறக்கும். ஆகவே நாயகன் அந்த நல்லவனுக்கும் கொடியவனுக்கும் நடுவில் நிற்பவன். தீய குணத்தால் வீழாமல், ஏதோ ஒரு ஹமார்ஷியாவால் (கிரேக்க மூலத்தில் அவர் ஆளும் சொல் அது) வீழ்கிறவன். அதற்கு முதலில் அவர் சொல்லும் பெயரே ஈடிப்பஸ்தான்.

தீக்குணத்தால் அல்ல என்று அவரே எழுதி வைத்திருக்க, நாம் அந்தச் சொல்லைக் 'குணக்குறை' என்று பெயர்த்து வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறோம். ஷேக்ஸ்பியரைப் படித்த கண்ணோடு கிரேக்கத்துக்குப் போவதால் வந்த வினை இது என்று நினைக்கிறேன். மேக்பெத்துக்குப் பேராசை, ஒத்தெல்லோவுக்குப் பொறாமை, ஆகவே ஈடிப்பஸுக்கும் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும் என்று தேடுகிறோம்.

ஹமார்ஷியாவின் வேர்ச்சொல்லுக்கு எறிந்தது குறி தவறுதல் என்று பொருள். ஹோமரின் போர்க்காவியமான இலியட்டின் 4ஆம் பாடலில் ட்ராய் வீரன் அன்டிஃபஸ் கிரேக்க வீரன் ஏஜாக்ஸை நோக்கி வேலெறிகிறான். வேல் ஏஜாக்ஸைத் தவறவிட்டு, பக்கத்தில் பிணத்தை இழுத்துக்கொண்டிருந்த லூக்கஸ் மேல் பாய்கிறது. ஹோமர் அங்கே ஆளும் வினைச்சொல் இதுதான். வேல் எறிந்தவனின் குணத்தைப் பற்றி அந்தச் சொல்லில் எதுவுமே இல்லை. கை ஓரிடம் குறிவைத்தது, வேல் வேறோர் உயிரைத் தொட்டது, அவ்வளவுதான்.

இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்ற 772ஆம் குறளைப் பள்ளியிலேயே படித்தோம். யானைமேல் எறிந்து குறி தவறிய வேல், 'பிழைத்த' வேல். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் பிறந்த இரண்டு மொழிகளில் தவறிய வேலுக்கும் தவறிய செயலுக்கும் ஒரே சொல் அமைந்திருக்கிறது. ஹமார்ஷியாவைப் பிழை என்று எழுதுங்கள். உயிரைக் கொடுத்துக் கேட்கிறேன், குணக்குறை என்று எழுதாதீர்கள்.

சிலப்பதிகார வழக்குரை காதையில் பாண்டியன் வாயிலும் இதே சொல் வருகிறது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்றவன், தென்புலம் காவல் 'என்முதல் பிழைத்தது' என்று சொல்லிச் சாய்கிறான். கண்ணகி அவனைக் கொடியவனே என்று அழைக்கவில்லை, 'தேரா மன்னா' என்றுதான் அழைத்தாள். விசாரிக்காமல் விட்டதுதான் அவனுடைய பிழை. ஈடிப்பஸ் இதற்கு நேர் எதிர். ஊரின் பழைய மன்னனைக் கொன்றவன் யார் என்று கடைசிவரை விசாரித்தவன். அந்த விசாரணைதான் நாடகம் முழுக்க நடக்கிறது.

விடைக்குறிப்பில் தவறாமல் வரும், ஆணவம் என்று நாம் பெயர்க்கும் 'ஹூப்ரிஸ்' பற்றியும் சொல்ல வேண்டும். ஏதென்ஸில் அது மனதில் இருக்கும் கர்வத்தின் பெயராக மட்டும் இருக்கவில்லை. பிறரை அவமானப்படுத்திச் சுகம் காணும் அத்துமீறல் அது, வழக்குத் தொடுக்கக்கூடிய குற்றம். பேச்சாளர் டெமாஸ்தெனிஸ் விழாவில் ஒரு பாடற்குழுவுக்குப் பொறுப்பேற்றிருந்தபோது, மெய்டியாஸ் என்பவர் டயோனிசஸ் அரங்கிலேயே கூட்டத்தின் முன் அவரை அறைந்தார். அந்த அறையைத்தான் டெமாஸ்தெனிஸ் ஹூப்ரிஸ் என்கிறார். ஈடிப்பஸ் நாடகத்தில் பாடற்குழு ஒருமுறை ஹூப்ரிஸைப் பற்றிப் பாடுவது உண்மை. ஆனால் நாயகனைப் பற்றி அரிஸ்டாட்டில் பேசும் அந்த 13ஆம் இயலில் இந்தச் சொல்லே கிடையாது.

ஈடிப்பஸிடம் கோபம் உண்டு, மறுக்கவில்லை. மைத்துனன் கிரியோன்மேல் சதிப்பழி சுமத்துகிறான், தன் பிறப்பின் உண்மை அறிந்த கிழட்டு மேய்ப்பனின் கையை முறுக்கச் சொல்கிறான். ஆனால் மேடையில் நாம் காணும் இந்தக் கோபத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தந்தையின் கொலையும் தாயோடு திருமணமும் நடந்து முடிந்துவிட்டன. கொரிந்துவில் வளர்ந்தவன், தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று டெல்பி கோயிலின் அருள்வாக்கில் கேட்டதும், பெற்றோர் என்று நம்பியவர்களைக் காப்பாற்றத்தான் வீட்டுப்பக்கமே திரும்பாமல் நடந்தான். முச்சந்தியில் வண்டியிலிருந்த முதியவர் முள்கோலால் தலையில் அடித்தார். இவன் திருப்பி அடித்ததில் அவர் இறந்தார். அவர்தான் தன்னைப் பெற்றவர் என்று இவனுக்குத் தெரியாது. வேல் குறி தவறிய இடம் அது.

நாடகத்தின் உள்ளே அவனை நிறுத்தச் சொல்லி மூன்று பேர் கெஞ்சுகிறார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு என்கிறார் பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ். நீ யார் என்று உனக்குத் தெரியாமலே போகட்டும் என்கிறாள் மனைவியும் தாயுமான ஜொகாஸ்டா. கடைசியில் அந்த மேய்ப்பன், சொல்லக்கூடாததைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேன் என்கிறான். 'நான் கேட்கும் விளிம்பில். ஆனாலும் கேட்டாக வேண்டும்' என்கிறான் ஈடிப்பஸ். இந்த இரண்டு வரிகளை ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்வேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். கொள்ளைநோயில் சாகும் ஊருக்காக விசாரணையைத் தொடங்கியவன், அது தன் வீட்டு வாசலுக்கு வந்தபின்னும் நிறுத்தவில்லை. ஆணவம் என்று நாம் குறிப்பெழுதிக் கொடுப்பது இந்த மனிதனைப் பற்றித்தான்.

சோபோக்ளீஸ் இதை இத்தோடு விடவில்லை. வாழ்வின் கடைசிக் காலத்தில் மறுபடியும் ஈடிப்பஸிடம் வந்தார். 'கொலோனஸில் ஈடிப்பஸ்' நாடகத்தை அவர் இறந்தபின் கி.மு. 401இல் அவருடைய பேரன் மேடையேற்றினார். அதில் கண்ணிழந்த கிழவன், என் செயல்கள் நான் செய்தவை என்பதைவிட நான் பட்டவை என்று தன் வழக்கைத் தானே வாதாடுகிறான். நமது பாடத்திட்டங்களில் பெரும்பாலும் முதல் நாடகத்தோடு கதை முடிந்துவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவனின் வாக்குமூலம் மாணவர் கைக்கு வருவதே இல்லை.

அந்தப் பகுதியைப் பாடத்தில் சேருங்கள். மூன்று பக்கம் போதும். 'குணக்குறையை விளக்குக' என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். வேறு முடிவுக்கு வந்த மாணவர், நாடகத்திலிருந்து வரிகாட்டிப் பேசினால் முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

எடுத்துவிட்ட கேள்விக்குப் பதிலாக என்ன கேட்பது என்று கேட்பீர்கள். கொலோனஸில் கிரியோனிடம் ஈடிப்பஸ் கேட்டதையே கேளுங்கள்: இந்த நிமிடம் ஒருவன் உன்னைக் கொல்ல வந்து பக்கத்தில் நின்றால், அவன் உன் தந்தையா என்று விசாரிப்பாயா, இல்லை உடனே திருப்பித் தாக்குவாயா?

இப்படிக்கு,
இருபது ஆண்டுகளாக இந்த நாடகத்தை வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியர்