ராணுவ சைபர் ஆய்வுக்கு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். 2025-26 பட்ஜெட் வந்தபோது பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் என்ற செய்தியை எல்லோரையும் போல நானும் படித்தேன். இதில் ராணுவத்தின் கணினிகளையும் தகவல் தொடர்பையும் காப்பதற்கான ஆராய்ச்சிக்கு எவ்வளவு என்று தேடினால் கிடைக்கவே இல்லை. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு 26,816 கோடி என்று மொத்தமாக ஒரு தொகை இருந்தது, ஏவுகணை, ரேடார், டாங்கி எல்லாம் அதற்குள்தான். சைபருக்கு எவ்வளவு போகிறது என்பது பொதுமக்கள் கண்ணில் படுகிற இடத்தில் இல்லை.

எங்கள் வள்ளியூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது எங்கோ டெல்லியில் நடக்கிற விஷயம் இல்லை. 2019 அக்டோபரில் கூடங்குளத்தில் நடந்தது நினைவிருக்கும். 29-ம் தேதி, எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி நெட்வொர்க்கோடு இணைக்கப்படாதவை, அதனால் சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அணுமின் நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே அணுமின் கழகம், ஒரு கணினியில் மால்வேர் என்ற தீங்கு செய்யும் மென்பொருள் இருந்தது உண்மைதான், செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் வந்துவிட்டது என்று சொன்னது. நிர்வாக நெட்வொர்க்கோடு சம்பந்தப்பட்ட கணினி, உலைக்குப் பாதிப்பு இல்லை. சரி, அதில் நிம்மதிதான். ஆனால் "இணைக்கவில்லை, அதனால் பயமில்லை" என்ற அந்தப் பேச்சுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஈரானின் நதான்ஸ் அணு நிலையமும் இணையத்தில் இல்லாததுதான், அங்கேயும் ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி வைரஸ் புகுந்துவிட்டது. 2012-ல் நம் விசாகப்பட்டினம் கடற்படைத் தலைமையகக் கணினிகளில் பென் டிரைவ் மூலம் வைரஸ் நுழைந்ததாகப் பத்திரிகைகளில் வந்ததே, அதுவும் இதே கதைதான்.

இன்னொன்று, இது நான் வகுப்பறையில் கண்ணால் பார்த்தது. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைத் திறந்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று இரண்டும் வரும். பாஸும் விண்டோஸைப் போல ஒரு இயங்குதளம்தான், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நம் சென்னையில் செய்தது, 2007-ல் வெளியானது. பிள்ளைகளிடம் இதைப் பெருமையாகச் சொல்வேன், அவர்களும் இரண்டு நாள் அதைத் திறந்து பார்ப்பார்கள், அப்புறம் விண்டோஸுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு இயங்குதளத்தை வெளியிட்டால் மட்டும் போதாது, வருடக்கணக்காக ஆள் வைத்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அளவுக்கு ஆளும் பணமும் நாம் போடவில்லை என்பதுதான் என் வருத்தம். 2023 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட 'மாயா' இயங்குதளத்தைப் போடப் போகிறது என்று செய்தி வந்தது, ஆறே மாதத்தில் உருவாக்கியதாகவும் எழுதினார்கள். உருவாக்கியவர்களுக்கு என் வணக்கம். ஆனால் 2007-ல் இருந்து விடாமல் செய்து வந்திருந்தால் இப்படி அவசர அவசரமாகச் செய்ய வேண்டியிருந்திருக்குமா?

ராணுவத்துக்குப் புதிய பொருள்களைச் செய்யும் சிறு நிறுவனங்களுக்குப் பணம் தரும் ஐடெக்ஸ் திட்டத்தை 2018-ல் நம் திருவிடந்தை ராணுவக் கண்காட்சியில்தான் பிரதமர் தொடங்கி வைத்தார். ஒன்றரைக் கோடி வரை தருகிறார்கள், பிறகு வந்த பிரிவுகளில் 10 கோடி, 25 கோடி என்று கூட்டியும் இருக்கிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒரு பொருளைச் செய்து காட்டுவதற்கான பணம். ட்ரோன் என்றால் பறக்கவிட்டுக் காட்டலாம். யாரும் உள்ளே வரவில்லை என்பதை எதை வைத்துக் காட்டுவது? தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறைகுறியாக்கத்தையோ, சிப்பில் ஒளிந்திருக்கும் ரகசிய நுழைவழியான பின்கதவையோ ஆராய்கிறவருக்குப் பத்து வருடம் கைவிடாத ஆதரவு வேண்டும். சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸர் இப்படி வருடக்கணக்கான உழைப்பில்தான் வளர்ந்தது. என்னிடம் படித்த பையன் ஒருவன் இந்தத் துறையில்தான் இருக்கிறான், பெங்களூரில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். அரசு ஆய்வுக்கூடத்துக்குப் போயேன்டா என்று கேட்டேன். "போனா எத்தனை வருஷம் இதே வேலையில விடுவாங்க டீச்சர்?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

ரகசியம், அதனால் சொல்ல முடியாது என்பார்கள். என்ன ஆராய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். மின்னணு அமைச்சகத்தின் பட்ஜெட்டில் சைபர் பாதுகாப்புத் திட்டங்களுக்குத் தனித் தொகை காட்டுகிறார்களே, ராணுவ ஆய்வுக்கும் அப்படி ஒரு வரி காட்டினால் அடுத்த வருடம் கூடியதா குறைந்ததா என்றாவது தெரியும். நாடாளுமன்றத்தில் துறைகளின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் நம் தமிழக எம்.பி.க்கள் இதைக் கேட்க வேண்டும். அடுத்த பிப்ரவரியில் உங்கள் நிருபரும் இந்த ஒரு எண்ணைத் தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணினி ஆசிரியை,
வள்ளியூர்