பாப்பாவுக்கு, அந்த வயித்துவலி பத்தி

பாப்பா,

பயத்துல வயிறு வலிக்குதுன்னு நீ வாங்குன பாக்டீரியா கேப்சூல் டப்பா ஃபோட்டோவை அம்மா எனக்கு ஃபார்வேர்ட் பண்ணா. நாப்பது யூரோவாமே. கடலூர் மஞ்சக்குப்பத்துல முப்பது வருஷமா மெடிக்கல் கடை வச்சிருக்கறவன் பொண்ணு, அப்பனை ஒரு வார்த்தை கேக்காம வாங்கிட்டாளேன்னு முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் ஏன் கேக்கலன்னு யோசிச்சேன். காரணம் எனக்கே தெரியும்.

தானே புயல் வந்தப்ப நீ பிளஸ் டூ. 2011 டிசம்பர் 30 காலைல அடிச்சுது, அதுக்கப்புறம் எத்தனையோ நாள் கரன்ட் இல்லாம மெழுகுவத்தில படிச்ச. மார்ச்ல ஃபிசிக்ஸ் பரீட்சை அன்னிக்கு திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் கிட்ட வண்டிய நிறுத்தச் சொல்லி, சாக்கடை ஓரமா குந்தி, தின்ன ரெண்டு இட்லியையும் வாந்தி எடுத்த, ஹால் டிக்கெட்டை மட்டும் ஒரு கைல உசரத் தூக்கிப் புடிச்சிருந்த. நான் வண்டிய விட்டு எறங்கக்கூட இல்ல. "ஒழுங்கா படிச்சிருந்தா வயிறு ஏன் வலிக்குது, நடிக்காத"ன்னேன். அதுக்கப்புறம் நீ உன் வயித்தைப் பத்தி என்கிட்ட பேசுனதே இல்ல.

இத்தனைக்கும் ஒவ்வொரு மார்ச்லயும் வாந்திக்கும் பேதிக்கும் மாத்திரை கேட்டு எத்தனை அம்மாங்க கடைக்கு வருவாங்க, ஒருத்தர்கிட்டயும் உங்க புள்ள நடிக்குதுன்னு நான் சொன்னதில்ல. வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி இருக்குன்னு நாமளே சொல்றோம், சொந்தப் பொண்ணு சொன்னா மட்டும் நம்பல.

இப்ப ரெண்டு வாரமா இதைத்தான் உக்காந்து படிச்சிக்கிட்டு இருக்கேன். மூளைலேந்து கழுத்து, நெஞ்சு வழியா குடல் வரைக்கும் வேகஸ்னு ஒரு நரம்பு போவுது. மேலேந்து கீழ உத்தரவு போடறதுக்குத்தான் அதுன்னு நான் நெனச்சிருந்தேன். பார்த்தா அதுல இருக்கற இழைங்கள்ல சுமார் 80 சதவீதம் கீழேந்து மேல சேதி கொண்டு போறதாம். குடல் பேசறதுதான் ஜாஸ்தி. மூளை பயந்துச்சுன்னா கார்ட்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறுது, குடலோட ஓட்டமும் மாறிடுது, அங்க குடியிருக்கற பாக்டீரியாவுக்கும் அதோட பாதிப்பு. அதுங்களும் சும்மா இல்ல. ஜப்பான்ல 2004ல, அதான் நம்ம ஊர்ல சுனாமி வந்த வருஷம், ஒரு கிருமிகூட இல்லாம வளர்த்த எலிங்களை அசைய முடியாம அடைச்சு வச்சுப் பார்த்தாங்க, சாதா எலியை விட அதுங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ரொம்ப ஏறுச்சு. பிஃபிடோபாக்டீரியம்ங்கற குடல் பாக்டீரியால ஒரு வகையைச் சின்ன வயசுலயே குடுத்தப்ப சரியாச்சு.

உன் கேப்சூல் கதை இதைவிட சுவாரஸ்யம். நீ இருக்கற டப்ளின்லேந்து ரயில்ல ரெண்டரை மணி நேரம் போனா கார்க் வருதுல்ல, அந்த யுனிவர்சிட்டில ஜான் க்ரையன்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிங்களும் 2011ல எலிக்கு லாக்டோபேசில்லஸ்ங்கற பாக்டீரியால ஒரு வகை குடுத்தாங்க. பயம் கொறஞ்சுது. வேகஸ் நரம்பை வெட்டிட்டுக் குடுத்தாங்க, ஒண்ணும் நடக்கல. ஆக சேதி அந்த நரம்பு வழியாத்தான் போயிருக்கு. நான் உன்னை நடிக்காதன்னு சொல்றதுக்கு சில மாசம் முன்னாடிதான் இது வெளிவந்துச்சு பாரு. ஆனா அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்குக் குடுத்துப் பார்த்து, 2017ல ரிசல்ட் போட்டாங்க, டம்மி மாத்திரையை விட ஒசத்தியா ஒண்ணும் இல்லன்னு. அதையும் மறைக்காம அவங்களே எழுதுனதுதான் எனக்குப் புடிச்சுது.

டப்பாவுல செரட்டோனின் பத்தி, அதான் மனநிலையோட சம்பந்தப்பட்ட ரசாயனம், பெருசா போட்டிருக்கான். உடம்புல இருக்கற செரட்டோனின்ல 90 சதவீதம் குடல்லதான் உருவாவுது, அது நெஜம். ஆனா அது ரத்தத்துலேந்து மூளைக்குள்ள நொழையாது, நடுவுல தடுப்பு இருக்கு. அந்த பாதியை டப்பாக்காரன் எழுத மாட்டான். நானும் வியாபாரிதான், எனக்குத் தெரியாதா.

வாங்கினதை முடிச்சிடு, தூக்கிப் போடாத, அடுத்தது வாங்காத. அந்தக் காசுக்கு பயறு, கீரை, பழம் வாங்கு. நார்ச்சத்துதான் குடல் பாக்டீரியாவுக்கு சோறு, அதைத் தின்னுட்டு அதுங்க செய்யற பியூட்டிரேட்ங்கற அமிலம்தான் பெருங்குடல் சுவத்துக்கு சோறு. ஆயா ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வச்சு காலைல மூடியத் திறந்தா லேசா புளிச்ச வாசனையோட முட்டை முட்டையா நுரை நிக்கும்ல, நீ மூக்கைப் புடிச்சிக்கிட்டே நெத்திலி கருவாட்டோட ரெண்டு கிண்ணம் குடிப்ப. அதுவும் பாக்டீரியா வேலைதான். அது உன் பயத்தைப் போக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், குடிக்கறதுல தப்பில்ல. அந்த ஊரு குளிருக்கு சோறு புளிக்குமான்னுதான் அம்மாவுக்குக் கவலை.

மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை கொறையறது, தூக்கத்துலேந்து எழுப்பற வலி, இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட உடனே போ. என்கிட்ட வாட்ஸப்புல மருந்து கேக்காத.

வியாழக்கிழமை காலைல உனக்கு ஏதோ பெரிய பிரசன்டேஷன்னு அம்மா சொன்னா. அப்ப இங்க மத்தியானம், கடைல கூட்டம் இருக்காது. வயித்தைக் கலக்குச்சுன்னா எனக்கு போன் பண்ணு பாப்பா, நான் எடுக்கறேன்.

அப்பா