எங்க ஃபூட் கோர்ட் சங்கத்தோட 2025 ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம். பொங்கல், சிரமதானம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா நடத்துன வகுப்பு எல்லாம் வழமைபோல நடந்துச்சு. கூட்டத்துக்கு மட்டும் எப்பவும் வர்ற அதே ஆளுங்கதான் வந்தாங்க.

இந்த வருஷம் நான் அதிகமா அலைஞ்சது காப்புறுதிக்குத்தான். நுவரெலியா ஏப்ரல் சீசன் நெரிசல்ல கொத்துக் கடைக்கும் பிளேன்டி கடைக்கும் நடுவுல உள்ள மேசைகிட்ட எண்ணெய் சிந்திக் கெடந்து, சாப்பிட வந்த ஒரு அம்மா தட்டோட வழுக்கி விழுந்து முழங்கை வீங்கிருச்சு, ரெண்டு கடையும் எங்க எண்ணெய் இல்லன்னு நின்னாங்க. ஒரு கடைக்குக் காப்புறுதி இருந்துச்சு, ஆனா பத்திரத்த விரிச்சுப் பாத்தா கவுண்டருக்கு உள்பக்கம் மட்டுந்தான் எழுதியிருக்கு. மேசை, நடக்குற இடம், கை கழுவுற இடம் எதுவும் யாரோட பத்திரத்துலயும் இல்ல! கடைசியில சில பேர் கைக்காசு போட்டுத்தான் மருந்துச் செலவு குடுத்தோம்.

தீக்காப்புறுதி இருக்கு, போதும்னு சொல்றீங்க. அது உங்க அடுப்புக்கும் சாமானுக்கும். வாடிக்கையாளருக்கு அடிபட்டா பொதுப் பொறுப்புக் காப்புறுதி வேணும், சாப்பாடு ஒத்துக்காம ஆஸ்பத்திரிக்குப் போனா அதுவும் சேந்திருக்கான்னு கேட்டு எழுதி வாங்கணும். வெள்ளம், மண்சரிவும் சேந்திருக்கான்னு அப்பிடித்தான் கேக்கணும், நவம்பர்ல டித்வா புயல் பட்ட பாட்டுக்கு அப்புறம் நம்ம பக்கத்துல இத நான் விளக்கத் தேவையில்ல. பிரீமியத்துக்குப் பயந்து பத்து லட்சம் சாமான அஞ்சு லட்சம்னு காட்டாதீங்க, பாதி மதிப்புக்குத்தான் காப்புறுதின்னு, ரெண்டு லட்சத்துக்கு எரிஞ்சாலும் ஒரு லட்சம்னுதான் கணக்குப் போடுவாங்க.

அதனாலதான் சங்கத்தோட பேர்ல எல்லாக் கடையையும் பொது இடத்தையும் சேத்து ஒரே பத்திரம் எடுக்கப் பேசிட்டு இருக்கேன். காப்புறுதிக் கம்பெனியில கடை லைசன் கொப்பியும் வருஷ வியாபாரக் கணக்கும் கேக்குறாங்க. பாதிப் பேர் இன்னும் தரல, சந்தாவும் கட்டல, போன் எடுத்தா அடுத்த கெழமைன்னு சொல்றாங்க. ஒரு கடை சிலிண்டர் வெடிச்சா பக்கத்துக் கடையும் சேந்துதானே எரியும், 2021 கடைசியில நாட்டுல அங்கங்க கேஸ் சிலிண்டர் வெடிச்சத எல்லாரும் பாத்தோமே.

செலவு வரவுக்குள்ளதான் இருக்கு, விவரம் பொருளாளர் அண்ணன்கிட்ட பாக்கலாம். மாநகர சபைக்கும் மண்டபத்தக் கூட்டித் தொடைக்கிற அக்காமாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளரா யார் வந்தாலும் சரி, ஏப்ரல் சீசனுக்கு முன்ன பத்திரம் நம்ம கையில இருக்கணும். நிலுவைச் சந்தாவையும் லைசன் கொப்பியையும் ஜனவரிக்குள்ள தந்துருங்க, ராத்திரி கடை மூடுற நேரம் நானே வந்து வாங்கிக்கிறேன்.