மஞ்சளான இட்லிப்பூச் செடி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தொட்டியில் பாதிக்கு மல்லாட்டைத் (நிலக்கடலை) தோலைக் கொட்டி அதில் இட்லிப்பூச் செடியை நட்டிருக்கிறாய். இப்போது அது மஞ்சளாகி நிற்கிறது. அப்பா நர்சரியில் தோல் கலக்கிறார் என்பது வரைக்கும் சரியாக நினைவு வைத்திருக்கிறாய். மக்க வைத்துத்தான் கலக்கிறேன் என்பதை மட்டும் விட்டுவிட்டாய், பாப்பா.

நானும் முதல் வருஷம் இதே கூத்துதான் செய்தேன். மில்லில் 100 கிலோ காயை உடைத்தால் ஏறக்குறைய 30 கிலோ தோல் விழும். செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும் எரிக்கப் போவதுதானே என்று ஒரு வண்டி வாங்கி வந்து அப்படியே செடிப் பையில் நிரப்பினேன். ஒரே மாதத்தில் குரோட்டன்ஸ் எல்லாம் வெளுத்துவிட்டன. பச்சைத் தோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். தோலில் அது போதாது. அதனால் அவை செடியின் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும்.

இப்போது தோலை நொறுக்கி, சாணிக் கரைசல் தெளித்து, அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது புரட்டிவிடுகிறேன். முதல் வாரங்களில் குவியலுக்குள் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. மூன்று நான்கு மாதத்தில் கறுத்து, சூடு தணிந்து, மண்வாசனை வந்துவிடும். அப்போதும் நம்பிவிட மாட்டேன். ஒரு சட்டியில் கீரை விதை தூவி, ஒழுங்காக முளைத்தால்தான் பைக்குப் போகும்.

தோல் காற்றோட்டம் தரும், தண்ணீரைப் பிடிக்காது. அதனால் அதோடு சம அளவு தேங்காய் நார்த்தூளும் செம்மண்ணும் சேர்க்கிறேன். நார்த்தூளை உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக்கொள். மண்ணை விட்டுவிட்டால் உன் பால்கனிக் காற்றுக்குத் தொட்டி சாய்ந்துவிடும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஓடு சும்மா கிடைக்குமே என்று மாப்பிள்ளை கேட்டாராம். அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையையே புண்ணாக்கும். வேண்டாம் என்று சொல்.

இன்னொன்று: நீ போட்டது உப்புப் போட்டு அவித்த காயின் தோலா? அப்படியானால் யோசிக்காமல் கொட்டிவிட்டு மண்ணை மாற்று. பச்சைத் தோல்தான் என்றால், மேலாக இருப்பதை அள்ளிவிட்டு, கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வாரம் ஒரு முறை ஊற்று. தோல் வாங்கிய கடனைப் புண்ணாக்கு அடைக்கட்டும். நாற்றமடிக்கும், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனித் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. இட்லிப்பூவுக்கு அது அடிக்கடி வரும். உன் படத்தில் நுனியே தெரியவில்லை. அடுத்த முறை தளிரைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடு.

அப்பா