வெள்ளை ஈ: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். இந்தியாவில் முதன்முதலாக 2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதோடு, அது கழிக்கும் இனிப்பான திரவத்தின்மேல் கரும்பூசணம் படர்வதால் ஒளிச்சேர்க்கையும் தடைப்படுகிறது. தோப்புக்காரர் மட்டுமின்றி, மரமேறுவோர், மட்டை உரிப்போர், கொப்பரைக் களத்திலும் கயிறு ஆலையிலும் கூலி வேலை செய்வோர் என எல்லோரும் தேங்காயை நம்பியே இருப்பதால், இதை ஒருவருடைய தோப்பின் சிக்கலாக எண்ண வேண்டாம். கண்டவுடன் பூச்சிக்கொல்லி தெளிப்பதுதான் ஈயைவிடப் பெரிய கேடு என்பேன். ஈயின் குஞ்சுகளை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் அதில் மடிந்துவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களை மரங்களுக்கிடையே கட்டி, ஓலையின் அடிப்பக்கம் நனையுமாறு தண்ணீரை விசையுடன் பீய்ச்சி அடியுங்கள். ஒட்டுண்ணி தேவைப்படுவோர் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம்.