தையல் ஆறினாலும் நரம்பு ஆற நாளாகும்

ஆசிரியருக்கு,

இடுப்படியில் நெருக்குண்ட புடெண்டல் நரம்பை (பிறப்புறுப்பு, மலவாய்ப் பகுதிக்குச் செல்லும் நரம்பை) விடுவிக்கும் சத்திரசிகிச்சை முடிந்து வன்னிக்குத் திரும்புகிறவர்கள், ஆறாம் கிழமையிலேயே "பலனில்லை" என்று மனம் உடையக்கூடாது. தோலின் தையல் இரண்டு கிழமையில் ஆறிவிடும். நரம்போ நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் வளரும். முதல் வாரங்களில் நோ கூடுவதும் உண்டு. 6 மாதத்துக்கு முன் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் செல்லும். எல்லோருக்கும் முழுதாகத் தீரும் என்பதும் இல்லை.

எங்கள் ஊர்களில் பெரிய இடைஞ்சல் மலகூடம். குந்தும்போது இடுப்பு முழுதாக மடிந்து நரம்பு இழுபடும். முக்கும்போது இடுப்படித் தசை கீழே இறங்கி மறுபடியும் இழுக்கும். கொமட் இல்லாத வீட்டில் உறுதியான மரக்கதிரையின் நடுவை வட்டமாக வெட்டிக் குழிக்கு மேல் வையுங்கள். பிளாஸ்ரிக் கதிரையை வெட்டினால் பாரத்தில் வெடித்துச் சரியும். கோடீன், ட்ரமடோல் போன்ற நோக் குளிசைகள் மலத்தை இறுக்கும் என்பதால், மலமிளக்கும் மருந்தை முதல் நாளிலேயே வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். பப்பாசிப்பழமும் முருங்கையிலை வறையும் போதிய தண்ணீரும் கூடவே வேண்டும்.

ஆரம்பத்தில் படுக்கையும் நடையுமே. 5 நிமிடமாக நாளுக்கு நாலு தரம் நடந்து, மெல்லக் கூட்டலாம். வைத்தியர் அனுமதித்தபின் கதிரையில் இருக்கத் தொடங்கும்போது, மடித்த துவாய் இரண்டை இரு பக்கமும் வைத்து நடுவை வெறுமையாக விடுங்கள். இந்த நோ பிந்தித்தான் வரும். இருந்த நேரம் சரியா என்பதை மறுநாள் நோவை வைத்தே கணியுங்கள்; கூடியிருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். ஏ9 வீதியில் பஸ்ஸில் இருந்தபடி வருவதை விட, வான் வண்டியில் சரிந்து படுத்து, அரைமணிக்கொருதரம் இறங்கி நடந்து வருவது நல்லது. சைக்கிள் ஆசனம் நரம்பை நேரே அமத்தும். அதைக் கடைசிக்கு விடுங்கள். குந்தியிருந்து களை பிடுங்குவதும் அப்படித்தான்.

யாரோ சொன்னார்கள் என்று இடுப்படியை இறுக்கும் கேகல் பயிற்சி செய்ய வேண்டாம். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசைக்குத் தளர்வுதான் தேவை. முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, வயிறு எழும்ப மெதுவாக மூச்செடுப்பதே போதும். பிரெகபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு நோக் குளிசைகளைத் திடீரென நிறுத்தாதீர்கள். முடியுமுன் கிளினிக் போங்கள்.

சிறுநீர் அடைத்தால், இடுப்படி புதிதாக விறைத்தால், காய்ச்சலோ சீழோ கண்டால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் பராமரிப்பவருக்கு விளங்கும்படி, இவற்றைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டு அதனுடன் இணைத்துக் கொடுக்குமாறு சுகாதாரத் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இயன்மருத்துவர்கள்,
கிளிநொச்சி.