பத்தீரைக் காத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெத்லகேம் அருகேயுள்ள பாலஸ்தீன விவசாயச் சிற்றூர் பத்தீரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் உலகப் பாரம்பரியக் களம் என்ற யுனெஸ்கோ முத்திரைதான் ஊரைக் காப்பாற்றியது என்று முடித்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. முத்திரை 2014இல்தான் வந்தது.

1948 அரபு-இஸ்ரேல் போரில் ஊர்மக்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். ஊர்க்காரரான ஹசன் முஸ்தஃபாவும் இன்னும் சிலரும் மட்டும் தங்கினர். ஆளில்லாத வீடுகளில் இரவில் விளக்கேற்றியும் கொடியில் துணி காயப்போட்டும் ஊரில் சனம் இருப்பதாகக் காட்டினார்களாம். மறு ஆண்டு எல்லைக்கோடு வகுத்தபோது ஊரை ஒட்டிப் போகும் ஜெருசலேம் ரயில் பாதை இஸ்ரேல் வசம் போனது. ஊர் நிலத்தில் ஒரு பகுதியும் கூடவே போனது. ரயிலுக்குத் தொல்லை வராமல் பார்த்துக்கொள்கிறோம், எங்கள் நிலத்தில் நாங்களே பயிர்செய்ய விடுங்கள் என்று ஊரார் இஸ்ரேலிடம் பேசி முடித்தார்கள். அந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் நிலைத்தது.

தண்ணீருக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. அங்கே விஷயமே அதுதானே! ஊற்று நீர் ரோமானியர் காலத்துக் குளத்தில் சேர்ந்து, வாய்க்கால் வழியே மலைச்சரிவின் படிநிலங்களுக்கு இறங்குகிறது. எட்டுக் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் முறை. அதனால் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்பார்கள். குளத்தில் கோலை இறக்கி மட்டம் பார்த்துப் பங்கு பிரிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் விளையும் கத்தரிக்காய்க்குச் சந்தையில் தனி மவுசு. முறைத்தண்ணீரில் பங்காளிகளைச் சமாதானமாக வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா?

இஸ்ரேல் அங்கே எழுப்பத் திட்டமிட்ட பிரிவினைச் சுவரைத் தடுத்ததில் முத்திரைக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊரார் வழக்காடினார்கள். சுவர் கட்டினால் படிநிலங்கள் பாழாகும் என்று இஸ்ரேலின் இயற்கை, பூங்காக்கள் ஆணையமே 2012இல் எதிர்ப்புத் தெரிவித்தது. 2015 ஜனவரியில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் திட்டம் நின்றது. அதே பாரம்பரிய நிலப்பகுதியில் நஹால் ஹெலெட்ஸ் என்ற யூதக் குடியேற்றத்துக்குச் சுமார் 60 ஹெக்டேரை 2024 ஆகஸ்டில் இஸ்ரேல் அரசு ஒதுக்கியதே, அப்போது முத்திரை எங்கே போனது? கட்டுரையில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

உழவு நின்ற படிகளில் கல்கட்டு சரிந்துகொண்டிருக்கிறது. அடுத்து அங்கே போகிறவரிடம், அவற்றை எடுத்துக் கட்ட இப்போது யார் இருக்கிறார்கள், கூலி யார் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனத் துறை ஊழியர்,
மன்னார்குடி